மேடேற மாட்டாத உபதேசியார்

உபதேசியார் வேலைக்கு வாயும் காலும் நன்றாக இருந்தால் போதும் என்று சொல்லித்தான் என்னை மிஷனில் எடுத்தார்கள். வயிற்றைப் பற்றி ஒருவரும் எச்சரிக்கவில்லை. திருவிதாங்கூர் மகாராஜா ஆட்சியில், முப்பதுகளின் தொடக்கத்தில், மலையை ஒட்டிய மூன்று ஊர்ச் சபைகள் என் பொறுப்பில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம். மற்ற நாளெல்லாம் வீடு வீடாகப் போய் வேதம் வாசித்து ஜெபம் பண்ண வேண்டும். ஜெபம் முடியுமுன்னே அடுக்களையில் புகை கிளம்பிவிடும். ஒரு வீட்டில் புட்டு, அடுத்த வீட்டில் மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும், அதற்கடுத்ததில் கருப்பட்டிக் காப்பியும் முறுக்கும். வேண்டாம் என்றால் அவர்கள் முகம் வாடிப்போகும். உள்ளதைச் சொன்னால், வேண்டாம் என்று சொல்ல எனக்கும் ஆசையில்லை. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ரெண்டு கையையும் ஊன்றுகிற அன்பர்கள் யாராவது இதைப் படித்தால் தாராளமாகச் சிரியுங்கள். நான் பட்ட வெட்கம் எனக்கல்லவா தெரியும்.

தென்னந்தடிப் பாலம்

ஐப்பசி மழை. ஓடைக்கு அக்கரையில் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம். ஓடையைக் கடக்க ஒற்றைத் தென்னந்தடிதான் பாலம். சபையார் பத்துப் பேர் என்னோடு வந்தார்கள். மேய்ப்பன் முன்னால் போவதுதானே முறை என்று வேதப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கம்பீரமாகக் காலை எடுத்து வைத்தேன். தடி ஒரு முனகல் முனகிற்று. பின்னால் நின்ற மரியம்மாள் என் தோள்துண்டைப் பிடித்து இழுத்தாள். சந்தையில் மீன் விற்கிறவள். அவள் மெல்லப் பேசினாலும் அக்கரைக்குக் கேட்கும்.

"உவதேசியாரே, நீங்க கடைசியில வாருங்க. தடி முறிஞ்சாலும் நாங்க அக்கரை போய்க் கூட்டத்த நடத்திக்கிடுவோம்."

கட்டிலுக்குத் தெரிந்த மேடு

இதைச் சொல்ல இன்றைக்கும் நாக்கு கூசுகிறது. மலைச்சரிவில் நல்லமிளகு போட்டிருந்த ஞானமுத்து என்ற பெரியவர் சாகக் கிடந்தார். உபதேசியாரைக் கூட்டிவா என்று விடியற்காலையில் மகனை அனுப்பியிருந்தார். மற்றவர்களுக்கு ஒரு மணி நேர நடை. மகன் முன்னால் ஓடிவிட்டான். நான் பலாமரத்தடியில் ஒரு தரம் உட்கார்ந்தேன், பாறையில் ஒரு தரம் உட்கார்ந்தேன். மூன்றாவது தரம் உட்கார்ந்த இடத்தில் யாரோ தென்னையில் ஏறிக் கருக்கு வெட்டித் தந்தார்கள், அந்த இளநீரையும் குடித்தேன். குடித்து வாயைத் துடைக்கும்போது மேலே அழுகைச் சத்தம் கேட்டது.

போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். மகன் என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் ஏசவில்லை.

"அப்பா கெடந்த கட்டில்ல இருந்து பாத்தா இந்த மேடு முழுக்கத் தெரியும். நீங்க பாறையில இருந்தத பாத்துட்டு, 'பாவம், அவரு பைய வரட்டு'ன்னு சொன்னாரு. பெறவு ஒண்ணும் சொல்லல்ல."

பத்தியம்

அடக்க ஆராதனை முடித்த கையோடு நாட்டு வைத்தியரிடம் போனேன். அவர் நாடியைப் பிடித்தார். வயிற்றைப் பார்த்து ஒரு பெருமூச்சும் விட்டார். காலையில் கஞ்சித்தெளிவு, மத்தியானம் ஒரு பிடி சோறும் முருங்கைக்கீரையும், ராத்திரி வேகவைத்த காணம், குதிரைக்குப் போடுகிற அதே கொள்ளு. தேங்காய் குறைக்க வேண்டும். பலகாரம் தொடக்கூடாது. வில்வண்டி ஏறக்கூடாது. இனி ஒரு மனிதன் என்னைக் காத்துக் கண் மூடக்கூடாது என்று ஜெபம் பண்ணிவிட்டு அன்றைக்கே ஆரம்பித்தேன்.

என் மனைவி அன்னம்மாள் நல்லவள். நான் காணம் தின்னும்போது தான் மட்டும் மீன் வைத்துத் தின்ன மனமில்லாமல் அவளும் அதையே தின்றாள். நானோ வீட்டில் பத்தியம், வெளியில் வழக்கம்போல வீடுசந்திப்பு. இரண்டு மாதம் கழித்து அவள் தன் ரவிக்கையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது.

"இஞ்ச பாருங்க, வைத்தியரு பத்தியம் சொன்னது உங்களுக்கா, எனக்கா?"

நெய்யப்பம்

அதற்குமேல் ரோஷம் வந்தது. வெளியிலும் கை நனைப்பதில்லை என்று முடிவு செய்தேன். முதலில் போன வீடு ஏசுவடியாளுடையது. வயலில் கூலிவேலை செய்கிற குடும்பம். சபைக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் அவர்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க ஊரில் ஆள் கிடையாது. முதல் முதல் அவர்கள் வீட்டில் தின்றவன் நான் என்பதில் அவளுக்குப் பெருமை. அன்றைக்கு மரச்சீனி அவித்து, சாளைமீன் கறி வைத்து, வாழையிலையைக் கழுவிப் போட்டிருந்தாள். பத்தியம் என்று சொல்ல வெட்கப்பட்டு, வயிறு சரியில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு எழுந்தேன்.

அடுத்தது நிலபுலன் உள்ள ஒரு சபை மூப்பர் வீடு. அங்கே நெய்யப்பம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். மூச்சு முட்ட அந்த மணம்! ஒன்று என்று ஆரம்பித்தேன். நாலாவதைக் கடிக்கும்போது வாசலில் ஆள் நிழல் தெரிந்தது. நான் மறந்து வைத்துவிட்டு வந்த குடையைக் கையில் பிடித்தபடி ஏசுவடியாள் நின்றாள். வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அவள் குடையைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"எங்க வீட்டுல சரியில்லாத வயிறு மூப்பரு வீட்டுல சரியாயிட்டுதோ உவதேசியாரே?"

ஏசுவடியாள் போட்ட சட்டம்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவர்கள் உட்காருகிற பாய் காலியாகக் கிடந்தது. என்ன பிரசங்கித்தேன் என்று எனக்கே தெரியாது. ஆராதனை முடிந்ததும் நேரே அவள் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன்: ஞானமுத்து செத்தது, பத்தியம், பொய், நெய்யப்பத்துக்கு நாக்கு தோற்றது எல்லாம். உன்னைத் தாழ்த்தி நினைத்துத் தள்ளவில்லை தாயே, என் நாக்குதான் மானங்கெட்டது என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் உள்ளே போய்க் கஞ்சியும் பயறும் கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன்.

அடுத்த வாரம் வேதக்கோயில் முற்றத்தில் பெண்டுகளையெல்லாம் கூட்டி நிறுத்தினாள். மூப்பர் மனைவியும் நின்றாள். நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று கேட்டேன்.

"இன்னா கேட்டுக்கிடுங்க. வலிய வீடானாலும் சரி, குடிசையானாலும் சரி, இனி அவருக்கு ஒரு அகப்பைக் கஞ்சிதான். அவரே கேட்டாலும் ரெண்டாவது ஊத்தப்படாது."

புது ஆள்

சட்டம் மீறப்படவில்லை. மூப்பர் வீட்டிலும் கஞ்சிதான் வந்தது. ஒரு வருஷத்தில் சட்டையைத் தையற்காரன் இரண்டு தரம் பிடித்துத் தைத்தான். அப்போதுதான் மூன்றாவது சபையின் கடைசி மேட்டிலிருந்து ஆள் வந்தது: தாயம்மாள் என்ற கிழவிக்கு மூச்சு வாங்குகிறதாம். மேடேறும்போது எங்கேயும் உட்காரவில்லை. கட்டிலருகில் முழங்காலில் நின்று வேதத்தைத் திறந்து சங்கீதம் வாசித்தேன். அவள் பேச முடியாமல் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். ஜெபம் முடிந்தும் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பிடி தானாகத் தளர்ந்தது.

வெளியே வந்து நின்றபோது மருமகள் செம்பில் குடிக்க வெள்ளம் கொண்டுவந்தாள். களியக்காவிளையிலிருந்து கலியாணம் கட்டிவந்து இரண்டு மாதமே ஆன பெண், என்னைப் பார்த்ததில்லை. அந்த மேட்டுக்குப் பயந்து முன்பு விட்டுப்போன வீடுசந்திப்பை நான் இன்னும் தொடங்கியிருக்கவில்லை என்பதுதான் காரணம். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"நல்ல காலம், ஒங்கள அனுப்பினாவ. பழைய உவதேசியாரு ஒரு தடியனாம், ஒரு மனுசன் சாவும்போ வழியில இருந்து கருக்கு குடிச்சாராம். அவருதான் வருவாரோன்னு எங்க மாமிக்கு ஒரே பயமும் பேடியும்."

நான்தான் அவர் என்று சொல்ல வாய் வராமல் செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினேன்; உடம்பை ஒரு வருஷத்தில் குறைத்துவிட்டேன், அந்தத் தடியனை மட்டும் இன்னும் ஊரெல்லாம் சுமந்துகொண்டுதான் நடக்கிறேன்.