சிப் இல்லாத கார்டு

அந்த வங்கி அதிகாரியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "உலகத்துல எங்குட்டுப் போனாலும் இது செல்லும் மேடம். எதுக்குக் கவலைப்படுறீக?" என்று சொல்லித்தான் மதுரைக் கிளையில் அந்தக் கிரெடிட் கார்டை என் கையில் கொடுத்தார். தொண்ணூறுகளின் கடைசி அது. காரைக்குடியில் வீடு, சிவகங்கைப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியை வேலை. பிரான்சில் நடக்கும் ஒரு கருத்தரங்கில் என் ஆய்வுக் கட்டுரையைப் படிக்கப் போகிறேன்.

காளையார்கோவில் பக்கத்து உப்புத் தண்ணீரில் கிணற்றுக் குழாய்கள் துருப்பிடித்து ஓட்டையாவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆவாரம் இலைச் சாறு அந்தத் துருவைத் தடுக்குமா என்று வருடக்கணக்கில் சோதித்தேன். நகமெல்லாம் கறை. ஆனால் என் கட்டுரைகளை மேடையில் படிப்பவர் எப்போதும் எங்கள் துறைத்தலைவர்தான். "புள்ளைகளை வச்சுக்கிட்டு நீ எங்கம்மா அலையப் போற?" என்பார், பெரிய அக்கறை போல. இந்த முறை அழைப்பு என் பெயருக்கே வந்துவிட்டது. என் வேலையை நான் என் வாயால் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

தலைவருக்கும் அழைப்பு இருந்தது. விசா அவருக்கு முந்திக் கிடைத்ததால் முந்திப் போனார். என் கட்டுரைக்காகத் திரையில் காட்டும் பிளாஸ்டிக் தாள்களை, "எங்கிட்ட இருக்கட்டும், நீ தொலைச்சிருவ" என்று வாங்கிக்கொண்டார். எங்கள் துறையில் யார் உழைத்த தாளும் தலைவர் பெட்டியில்தான் பயணம் போகும்.

நான் கிளம்பும் அன்று என் கணவர் கார்டைக் கொண்டுவந்து நீட்டினார். பளபளவென்று மின்னியது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் கொடுத்து லேமினேஷன் போட்டிருக்கிறார்! ரேஷன் கார்டு, பிள்ளைகளின் ஞானஸ்நானச் சான்றிதழ் என்று எங்கள் வீட்டில் லேமினேஷனுக்குத் தப்பியது எதுவுமில்லை. "மழையில நனைஞ்சா வீணாப் போயிரும்ல, அதான்" என்றார். திட்டக்கூட நேரமில்லை. அப்படியே கைப்பையில் போட்டேன்.

கருத்தரங்கு ஒரு சின்ன ஊரில். போய்ச் சேரும் அன்றே என் முறை. பாரிசிலிருந்து போய் நடுவழியில் இறங்கி, வேறு ரயிலுக்கு அங்கேயே டிக்கெட் எடுக்க வேண்டும். இறங்கினால் ஞாயிற்றுக்கிழமை என்று கவுண்டரை மூடியிருந்தார்கள். ஓர் இயந்திரம் மட்டும் நின்றது. அதற்குச் சில்லறைக் காசு வேண்டும், அல்லது கார்டு. என்னிடம் நோட்டுகள்தான் இருந்தன. கடைகளும் திறக்கவில்லை. லேமினேஷன் போட்ட கார்டு அந்த ஓட்டைக்குள் நுழையவே இல்லை. சேஃப்டி பின்னைக் கொண்டு குத்தி, பல்லால் கடித்து உரித்தேன். பிளாட்பாரத்தில் என் ரயில் நின்றுகொண்டிருந்தது.

உரித்துப் போட்டும் இயந்திரம் கார்டை வெளியே துப்பியது. பின்னால் நின்ற பிரெஞ்சுக்காரர் திரையைப் படித்து, ஆங்கிலத்தில் சொன்னார்: "ஊமைக் கார்டு என்கிறது. இதில் சிப் இல்லையே?" தன் கார்டைக் காட்டினார். அதில் பொன்னிறத்தில் ஒரு சின்னச் சதுரம். அதைச் செருகி நாலு எண்ணை அழுத்தினார், டிக்கெட் விழுந்தது. எனக்காகப் பையைத் துழாவிப் பார்த்தார், காசு போதவில்லை. அவர் கார்டிலேயே எனக்கும் எடுக்கச் சொல்லி நோட்டை நீட்டலாம் என்று எனக்குத் தோன்றுவதற்குள், வருத்தத்தோடு ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

டிக்கெட் இல்லாமல் ஏறப் பயம். பிடித்தால் விசாவில் கை வைப்பார்கள். எங்கள் ஊர்க் கவுண்டராக இருந்தால் உள்ளே ஒரு ஆள் இருப்பார், கத்திக் கூப்பாடு போட்டாவது ஒரு டிக்கெட் வாங்கியிருப்பேன். இந்த இரும்புப் பெட்டியிடம் எதைச் சொல்லிக் கத்துவது? ஓங்கி ஓர் அறை விட்டேன். கைதான் வலித்தது. என் கண்ணெதிரே ரயில் போனது.

வெகுநேரம் கழித்து ஒரு காப்பிக் கடை திறந்தது. நோட்டை மாற்றி, அடுத்த ரயிலைப் பிடித்து அரங்குக்குப் போனபோது எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ வரலேன்னதும் நானே படிச்சிட்டேன்மா. ஒரே கைதட்டல்!" என்றார் தலைவர். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அப்போது நரைத்த தலையோடு ஒரு விஞ்ஞானி அவரிடம் வந்து, கொதிநீர்க் குழாயிலும் இந்தச் சாறு வேலை செய்யுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். "தாராளமாக" என்றார் தலைவர். "இல்லை" என்று குறுக்கே புகுந்தேன். சூடு ஏறினால் சாறு சிதைந்துவிடும், துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும் என்று, நான் கண்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்த மனிதர் கடைசிவரை கவனமாகக் கேட்டார். பிறகு தலைவர் பக்கம் திரும்பினார்.

"உங்கள் உதவியாளர் உங்கள் ஆய்வை நன்றாகப் படித்து வைத்திருக்கிறார்."

நான் தலைவரைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் தேநீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "ஆமாம், கெட்டிக்காரப் பெண்" என்றார்.