டிரெய்லருக்கு ஒரு கும்பிடு

ஜப்பான்காரன் காலத்தில், ஜெலுத்தோங் பட்டறை வாசலில் ஒரு ஜப்பானிய அதிகாரியின் டிரெய்லர் நின்றது. கட்டிலும் விசிறியும் வைத்து அதையே வீடாக்கியிருந்தார். ஒரு காலை விளக்கும் விசிறியும் நின்றுபோயின. மொழிபெயர்ப்பாளனான நான் ஒரு வயர்மேனை அழைத்துப் போனேன்.

ஒல்லியான மனிதர். சோதனை பல்பை உருத்திராட்சம்போல் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். வேலையைத் தொடங்குமுன் டிரெய்லருக்குக் குனிந்து வணங்கினார்.

"வண்டிக்குமா அண்ணே?"

"காவல் நிக்கிற சென்ட்ரிக்குக் குனியாம கன்னத்துல அறை வாங்கினேன் தம்பி. இப்ப எதையும் விடுறதில்ல லா."

பாட்டரி நன்றாக இருந்தது. ப்யூஸும் போகவில்லை. எர்த் வயரை இரும்புச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டைக் கழற்றினார். அடியில் கனமாகப் பச்சைப் பெயிண்ட். மேலதிகாரி வருகிறார் என்று, போல்ட்டையெல்லாம் கழற்றிப் பூசச் சொன்னவர் இதே அதிகாரிதான்.

"யார் தவறு?" என்று அதிகாரி கேட்டார். உண்மையைச் சொன்னால் எங்கள் இருவர் கன்னமும் தப்பாது.

வயர்மேன் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்: "பெயிண்ட் அவ்வளவு ஒசத்தி, கரண்டே உள்ள நுழைய முடியலன்னு சொல்லு தம்பி."

சொன்னேன். அதிகாரிக்கு முகமெல்லாம் பெருமை.

விளக்கு எரிந்தது. வயர்மேன் பின்னால் நகர்ந்து, மறுபடியும் டிரெய்லரைப் பார்த்துக் குனிந்தார். நடுவில் நின்ற அதிகாரி தனக்கென்று நினைத்துப் பதிலுக்குக் குனிந்தார். அந்த இடமாகப் பார்த்துத்தான் வயர்மேன் போய் நின்றாரா என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை.