பச்சை இல்லாத செல்கள்

எலி மூத்திரமும் உமியும் டெட்டாலும் கலந்த ஒரு வாடை... கேளம்பாக்கம் பக்கம் நான் பிஎச்டி செய்த லேபின் எலி அறை அது. தலைக்குக் குளித்தாலும் துப்பட்டாவில் மிச்சம் இருக்கும்.

கூட வேலை பார்த்தவள் ஸ்டெல்லா, தாம்பரத்துக்காரி. எம்எஸ்சி முடித்துவிட்டு ப்ராஜெக்ட் அசிஸ்டன்டாக இருந்தாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய வேலை. எலியின் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியைக் கிழியாமல் எடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. குட்டி எலியில் அது கொழுகொழுவென்று இருக்கும். வளர்ந்த எலியில் சுருங்கி, கொழுப்போடு கொழுப்பாகக் கிடக்கும்.

நோயோடு போராடும் டி செல்கள் வளர்வது அங்கேதான். அதில் ஒரு வகை, உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளாதபடி மற்ற செல்களை அடக்கி வைக்கும். வளர்ந்த எலியிலும் அந்த வகை நிறையப் புதிதாகப் பிறக்கிறது என்பதுதான் என் தீசிஸ். மூன்று வருட உழைப்பு.

அப்புறம் ஒரு புது ரக எலி வந்தது. அதில், இப்போதுதான் பிறந்த டி செல் பச்சையாக ஒளிரும். சில நாளில் பச்சை மங்கிவிடும்.

ஸ்டெல்லாதான் முதலில் பார்த்தாள். நான் புதிது என்று எண்ணிய செல்களில் பெரும்பாலானவற்றில் பச்சையே இல்லை...

லேப் மீட்டிங்கில் எழுந்து சொன்னாள். "சார், இதெல்லாம் இங்க புதுசா பொறந்தது இல்ல சார். வெளிய போய்ட்டு திரும்பி வந்த பழைய செல்லு."

"நீ செல்லுக்குச் சாயம் ஒழுங்கா ஏத்தலம்மா" என்றார் என் கைடு. என் பக்கம் திரும்பினார். "வித்யா, நீ என்ன சொல்ற?"

முந்தின வாரமே நானும் தனியாகச் செய்து பார்த்திருந்தேன். எனக்கும் அதேதான் வந்திருந்தது.

"இன்னொரு தடவ பண்ணிப் பாக்கலாம் சார்" என்றேன்.

சாயங்காலம் தாம்பரம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"நீயும் பாத்த இல்லடி?"

"பாத்தேன்."

"அப்போ சொல்லிருக்கலாம்ல..."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த முறை அவளுடைய வேலையைப் புதுப்பிக்கவில்லை. நான் தீசிஸ் கொடுத்தேன், டாக்டர் ஆனேன்.

வெளியே போன செல்கள் தைமஸுக்குத் திரும்பி வரும், வந்து புதியவை பிறப்பதையும் தடுக்கும் என்பது இன்று இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு காலேஜில் நானே அதைப் பாடமாக நடத்துகிறேன். அந்த வகுப்பு முடிந்தால் அன்று முழுக்க மனசு சரியாக இருக்காது.

போன மாதம் பெருங்களத்தூரில் பிளட் டெஸ்ட்டுக்குப் போனேன். ஊசியோடு வந்தது ஸ்டெல்லா. முன்நெற்றியில் நரை. கை மட்டும் அப்படியே, நடுக்கமே இல்லாமல்... குத்தியதே தெரியவில்லை.

"ஸ்டெல்லா... அன்னிக்கு நான்..."

பஞ்சை வைத்து அழுத்தினாள். அந்தக் காலத்தில் என் சாப்பாட்டு டப்பாவைக் கேட்காமலே திறப்பவள்.

"கைய மடக்கியே வெச்சுக்கோங்க மேடம்" என்றாள். "ரிப்போர்ட் சாயங்காலம் வந்துரும்."