கறிக்கடை க்ளைவும் பவுண்டரிக் கணக்கும்

க்ளைவ் என்ற பெயரைக் கேட்டவுடன் கோட்டை, கொடி, பீரங்கி என்று எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இவர் க்ளைவ் ஹாட்ஃபீல்ட். நியூசிலாந்தின் தென்கோடியில் கார்வி புஷ் என்ற சின்ன ஊரில் கறிக்கடை வைத்திருக்கிறார். இவர் பிடித்து வைத்திருக்கும் ராஜ்ஜியம் கடைத்தெருவில் பத்தடி அகலம்தான்.

பிறந்தது இங்கிலாந்தில், டெர்பி பக்கம். வாலிப வயதில், ஆட்டிறைச்சி ஆலையில் ஒரு பருவம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவதாகச் சொல்லித்தான் கடல் தாண்டி வந்தார். ஆலையில் சம்பளக் கவர் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் ரேவின் என்ற பெண் உட்கார்ந்திருந்தார். க்ளைவ் ஒரே சம்பளத்தை மூன்று தடவை சரிபார்க்கச் சொன்னதாக ஊரில் இன்றும் சொல்வார்கள். திரும்பிப் போவதற்கு வைத்திருந்த டிக்கெட் வீணாய்ப் போனது. கல்யாணம், கடை, இரண்டு பெண்கள், அவர்களுக்குக் கல்யாணம் என்று முப்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஊர்க்காரர்கள் அவரை 'நம்ம இங்கிலீஷ்காரர்' என்பார்கள். அதில் இங்கிலீஷ்காரரைக் காதில் வாங்காமல் 'நம்ம'வை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு காலத்தை ஓட்டியவர் க்ளைவ்.

அவருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. ஊர் கிரிக்கெட் கிளப்பின் கட்டடத்தில், டீ கொதிக்கிற பாத்திரத்துக்கு மேலே, ரீமு மரத்தில் ஒரு பலகை தொங்குகிறது. கிளப்பின் ஆயுள் உறுப்பினர்களின் பெயர்களைத் தங்க எழுத்தில் பொறித்த பலகை. வருடத்துக்கு ஒரே ஒரு பெயர். முப்பது வருடமாக கிளப்புக்காகச் சுமாராகப் பந்து வீசி, சுமாராக மட்டை பிடித்து, சுமாரில்லாத சாசேஜ்களைச் சும்மா கொடுத்து வந்தவர் க்ளைவ். இந்த வருடம் உனக்குத்தான் என்று எல்லோரும் சொல்லி வைத்திருந்தார்கள். டீ பிடிக்கப் போகும்போதெல்லாம் அவர் அண்ணாந்து, பலகையில் மிச்சமிருந்த இடத்தைக் கண்ணால் அளந்துவிட்டு வருவார்.

அந்த நேரம் பார்த்து உலகக் கோப்பை வந்தது. இறுதி ஆட்டத்தில் யாரோடு யார் மோத வேண்டும்? இங்கிலாந்தும் நியூசிலாந்தும்.

லண்டனில் கோடைகாலப் பகல் என்றால் இங்கே ஜூலை மாதத்துக் குளிர் இரவு. ஊர் பாதி கிளப்பில் கூடிவிட்டது. போர்வைகள், ஹீட்டர், தட்டுத் தட்டாகச் சீஸ் ரோல். க்ளைவ் நியூசிலாந்து அணியின் கறுப்புச் சட்டை போட்டு, கன்னத்தில் அதன் சின்னமான வெள்ளிப் பெரணி இலை வரைந்துகொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். அவர் சேக்காளி ஸ்ட்ருவன் மெக்கெரோ, எண்ணூறு ஏக்கரில் ஆடு மேய்க்கிறவர், பக்கத்தில் வந்து உட்கார்ந்து சந்தேகத்தோடு பார்த்தார்.

"உண்மையைச் சொல்லு, நீ யார் கட்சி?"

"யார் ஊர் உப்பைத் தின்னுட்டு இருக்கேன்? இதென்ன கேள்வி?" என்றார் க்ளைவ். அவர் மனதார நம்பித்தான் அதைச் சொன்னார்.

ஆட்டம் எப்படி முடிந்தது என்று கிரிக்கெட் பார்க்கிற யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். கடைசி ஓவரில், ஓடிவந்து பாய்ந்த இங்கிலாந்து ஆட்டக்காரரின் மட்டையில் நியூசிலாந்துக்காரர் எறிந்த பந்து பட்டு எல்லைக்கு ஓடியது. சும்மா கிடைத்த நாலு ஓட்டம். அவரே இரண்டு கையையும் தூக்கி மன்னிப்புக் கேட்டார். கார்வி புஷ்ஷில் ஒரு சீஸ் ரோல் தரையில் விழுந்த சத்தம்கூடக் கேட்டது. அப்புறம் இரண்டு அணியும் சமம். ஆளுக்கு ஒரு ஓவர் கூடுதலாகப் போட்டார்கள், அதிலும் சமம். அப்படியானால் பவுண்டரியை எண்ணுங்கள், யார் அதிகம் அடித்தார்களோ அவர்களுக்கே கோப்பை என்று விதிப் புத்தகம் சொன்னது. இங்கிலாந்து அதிகம் அடித்திருந்தது.

அப்போதுதான் க்ளைவின் வலது கை மேலே போனது. துணைக்கு இடது கையும் போனது. தொண்டையிலிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது, டெர்பியில் பத்து வயதில் கத்திய அதே கூச்சல். கத்தி முடித்துத் திரும்பிப் பார்த்தால், விடிய விடிய விழித்திருந்த கூட்டம் மொத்தமும் கறுப்புச் சட்டைக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதும் தப்பித்திருக்கலாம். கால் மரத்துப்போச்சு என்று சொல்லியிருந்தால்கூட விட்டிருப்பார்கள். மனிதர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"விதி விதிதானே," என்றார்.

நோலா பெட்ரி தன் போர்வையை நிதானமாக மடித்தார். நோலா, பள்ளிக்கூடத்துப் பழைய தலைமையாசிரியை, கிளப் செயலாளர், நடுவரும் அவர்தான். ஊரில் பாதிப் பேரைப் பெஞ்சு மேல் நிற்க வைத்தவர். "சரி க்ளைவ், ஞாபகம் வெச்சுக்கறோம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் பக்கத்து ஆட்கள் கோபம் வந்தால் கத்த மாட்டார்கள். மரியாதை கொடுத்தே கொன்றுவிடுவார்கள். மறுநாள் பேக்கரியில், மாவுக்குள் ஆட்டுக்கறி அடைத்துச் சுட்ட பை ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. க்ளைவும் தபால்காரரும் ஒன்றாகக் கை நீட்டினார்கள். பேக்கரிக்காரம்மா இரண்டு பேரையும் பார்த்து, சமம் என்று அறிவித்து, யார் சட்டையில் பொத்தான் அதிகம் என்று எண்ணத் தொடங்கிவிட்டார். தபால்காரர் கோட்டு போட்டிருந்தார். பை அவருக்குப் போனது. பெட்ரோல் நிலையத்தில் வரிசை என்றால், யார் வண்டியில் நசுங்கல் அதிகமோ அவருக்கு முதலிடம். தேவாலயத்துக் குலுக்கலில் பன்றித்தொடை க்ளைவுக்கு விழுந்தது. உடனே ஒரு கிழவர் எழுந்து, தன் சீட்டும் கிட்டத்தட்ட அதே எண்தான், யாருக்குப் பேரப்பிள்ளை அதிகம் என்று பார்த்துவிடலாமா என்றார். பார்த்தார்கள். கறிக்கடைக்காரர் பன்றித்தொடையைப் பறிகொடுத்தார்.

ஒவ்வொரு தடவையும் எல்லோரும் அவர் வாயையே பார்ப்பார்கள். ஊருக்கு வேண்டியதெல்லாம் அந்த வாயிலிருந்து ஒரே ஒரு சொல்தான்: அது நியாயமில்லை. சொல்லிவிட்டால் பை கிடைக்கும், பன்றித்தொடை கிடைக்கும். ஆனால் இந்தக் கணக்கு நியாயமில்லை என்றால் அந்தக் கோப்பையும் நியாயமில்லை என்றாகிவிடுமே. க்ளைவ் பல்லைக் கடித்துக்கொண்டு, விதி விதிதான் என்று சொல்லிவிட்டுப் போவார்.

ரேவினுக்கே பொறுக்கவில்லை. "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேன். வாய்ல இருக்கற முத்தா கொட்டிடும்?"

க்ளைவ் கறி அரைக்கும் இயந்திரத்துக்கு மேலே மாட்டியிருந்த தன் அப்பாவின் படத்தைப் பார்த்தார். தொப்பி போட்டு, டெர்பி மைதானத்து வேலியில் சாய்ந்தபடி நிற்கிற படம். "எங்கப்பா ஆயுசு பூரா அந்தக் கப்புக்காகக் காத்துக் கெடந்தாரு ரேவின். மூணு தடவை ஃபைனல் வந்து மூணு தடவையும் கோட்டை விட்டானுங்க. பாக்காமலே போய்ச் சேந்துட்டாரு. இப்ப வந்த கப்பு செல்லாதுன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?"

ரேவின் முந்தானைத் துணியால் படத்துக் கண்ணாடியை ஒரு தடவை துடைத்துவிட்டுப் போனார்.

ஆகஸ்டில் கிளப்பின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. ஆயுள் உறுப்பினர் பதவிக்கு க்ளைவ் பெயர் வந்தது. யாரோ ஸ்ட்ருவன் பெயரையும் முன்மொழிந்தார்கள். ரகசிய வாக்கெடுப்பு. நோலா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணினார், சமம். மறுபடி ஓட்டுப் போட்டார்கள், மறுபடியும் சமம். இரண்டு தடவையும் ரேவின் தன் ஓட்டை ஸ்ட்ருவனுக்குப் போட்டார். அப்பா கதை மனதைத் தொட்டது வாஸ்தவம்தான், ஆனாலும் நோலாவிடம் படித்தவர் அவர், ஓட்டு சமமாக முடியும்படி போடுவதாக அவரிடம் முன்கூட்டியே கொடுத்த வாக்கை மீறப் பயம். இந்த விஷயம் க்ளைவுக்கு இன்றுவரை தெரியாது. நீங்களும் உளறிவிடாதீர்கள்.

மூன்றாவது தடவையும் ஓட்டா என்று க்ளைவ் கேட்டார்.

"எதுக்கு வீண் வேலை? பவுண்டரியை எண்ணிட்டாப் போச்சு," என்றார் நோலா.

க்ளைவ் முகம் மலர்ந்துவிட்டது. ஸ்ட்ருவன் பந்து வீசுகிறவர், மட்டை பிடிக்கத் தெரியாது. தானாவது வருடத்துக்கு நாலைந்து பவுண்டரி அடித்திருப்போமே என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீ அடிச்ச பவுண்டரி இல்ல க்ளைவ். இந்த ஊர்ல பவுண்டரின்னா நிலத்தோட வேலி. யாருக்கு வேலி அதிகம்?"

ஸ்ட்ருவனுக்கு எண்ணூறு ஏக்கர், வயலுக்கு வயல் வேலி. க்ளைவ் வீட்டுக்கு மூன்று பக்கம்தான் வேலி. நாலாவது பக்கம் இருப்பது அடுத்த வீட்டுக்காரருடையது. ஸ்ட்ருவனே சங்கடத்தில் நெளிந்தார். கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு க்ளைவின் வாயைப் பார்த்தது. சொல் நுனிநாக்கு வரை வந்ததை முன்வரிசையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அவர் அதை மென்று முழுங்கினார். எழுந்து போய் ஸ்ட்ருவனுக்குக் கை கொடுத்தார். வெளியே போகும்போது வழக்கம்போல் அண்ணாந்து பலகையைப் பார்க்கப் போனவர், பாதியில் தலையைக் குனிந்துகொண்டார்.

பெயர் எழுதுகிற ஆள் இன்வர்கார்கிலிலிருந்து கிறிஸ்துமஸ் சமயத்தில்தான் வருவார். அதனால் பலகை காலியாகவே கிடந்தது.

அக்டோபரில் செய்தி வந்தது. உலகக் கோப்பை நடத்துகிறவர்கள் பவுண்டரிக் கணக்கையே தூக்கிவிட்டார்கள். இனிமேல் சமமானால் யாராவது ஒருவர் ஜெயிக்கும்வரை கூடுதல் ஓவர்தான். க்ளைவ் கடைக் கதவைப் பாதியில் சாத்திவிட்டு, பத்திரிகையும் கையுமாக நோலா வீட்டுக்கு ஓடினார்.

"நோலா, விதி மாறிடுச்சு."

"அப்போ பழைய விதி தப்புன்னு ஒத்துக்கறே."

க்ளைவ் திருதிருவென்று விழித்தார். "தப்புன்னு சொல்லலீங்க. மாறிடுச்சுன்னுதான் சொல்றேன்."

நோலா டீயை ஊற்றிக் கொடுத்தார். சிரிப்பை அடக்கியதில் கோப்பை தட்டில் ஆடியது. புது விதிப்படியே செய்துவிடலாம் என்றார். க்ளைவும் ஸ்ட்ருவனும் ஆளுக்கு ஒரு ஓவர், ஒருவர் ஜெயிக்கும்வரை.

நவம்பரில் வெயில் அடித்த முதல் சனிக்கிழமை. வெயில் அடித்தது என்னவோ உண்மைதான், காற்று அதைவிட அதிகமாக அடித்தது. ஊர் முழுக்க மடக்கு நாற்காலியும் சீஸ் ரோலுமாக வந்து மைதானத்தைச் சுற்றி உட்கார்ந்தது. நோலா நடுவர். ரேவின் ஓட்டம் எழுத உட்கார்ந்தார். க்ளைவுக்கு முழங்கால் வலி, ஸ்ட்ருவனுக்கு இடுப்பு மூட்டு மாற்றி ஒரு வருடம். இவர் வீச அவர் தட்டினார், அவர் வீச இவர் தட்டினார். முதல் சுற்று சமம் என்றதும் மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டாம் சுற்றில் கடைசிப் பந்தில் க்ளைவ் மூன்று ஓட்டம் எடுத்தால் வெற்றி. இரண்டே எடுத்தால் மூன்றாம் சுற்று.

க்ளைவ் அடித்தார் என்று சொன்னால் மட்டைக்கே சிரிப்பு வரும். பந்து விளிம்பில் பட்டு ஆளில்லாத பக்கம் உருண்டது. துணைக்கு ஓடியவரோடு ஒரு ஓட்டம் முடித்து, இரண்டாவதுக்குத் திரும்பினார். பாதியில் முழங்கால் கைவிட்டது. மனிதர் முகம் குப்புற விழுந்து, மட்டையை மட்டும் கோட்டுக்குள் நீட்டினார். அதே நொடி வேலியோரத்திலிருந்து ஒரு பையன் எறிந்த பந்து வந்து அவருடைய அகன்ற பின்புறத்தில் பட்டுத் தெறித்து, அவசரமே இல்லாமல் எல்லைக்குப் போனது. அங்கே மேய்ந்துகொண்டிருந்த ஒரு மேக்பை பறவை அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது.

நோலா கையை ஆட்டி நாலு என்று காட்டினார். ஓடி எடுத்த இரண்டும் சேர்த்து ஆறு. க்ளைவ் ஜெயித்துவிட்டார்.

யாரும் கைதட்டவில்லை. க்ளைவ் புல்லில் எழுந்து உட்கார்ந்தார். முப்பது வருட ஆசை கைக்கு வந்துவிட்டது. எதிரே ஸ்ட்ருவன், மாற்றிய இடுப்பில் கையை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். அந்த முகத்தை க்ளைவ் ஏற்கெனவே பார்த்திருக்கிறார். ஜூலையில் கிளப்பில் கத்தி முடித்துத் திரும்பியபோது எல்லோருக்கும் அந்த முகம்தான் இருந்தது. அவர் அறியாமலே இரண்டு கையும் மேலே போயின. இந்தத் தடவை கூச்சல் வரவில்லை.

"ரேவின், அந்த நாலை எழுதாத," என்றார்.

"எழுதித்தான் ஆகணும். விதி விதிதானே க்ளைவ்?" என்றார் நோலா.

"நான் அடிக்கவே இல்லீங்க. அந்தப் பையன் ஒழுங்காத்தான் எறிஞ்சான். என் முதுகுக்குக் கீழ பட்டுப் போனதுக்கு நாலுன்னா, இது..." என்றவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். சுற்றிலும் ஊர் மொத்தமும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து நின்றது. ரேவின் பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார்.

"இது நியாயமில்ல," என்றார் க்ளைவ்.

"காத்துல கேக்கல."

"நியாயமில்லன்னு சொன்னேன் நோலா. அன்னிக்கும் இல்ல, இன்னிக்கும் இல்ல."

கார்வி புஷ்ஷில் அப்படி ஒரு ஆரவாரத்தை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன. ஸ்ட்ருவன் ஓடி வந்து அவரைத் தூக்கிவிட, இரண்டு பேருமாகச் சேர்ந்து மறுபடி விழுந்தார்கள். வெற்றி தனக்கு வேண்டாம், பெயர் ஸ்ட்ருவனுக்கே போகட்டும் என்று க்ளைவ் மன்றாடிப் பார்த்தார். நோலா அசையவில்லை. விதிப்படி ஜெயித்தவர் பெயர்தான் பலகையில் ஏறும் என்றுவிட்டார். ஏறியும்விட்டது. டீ பிடிக்கப் போகும்போதெல்லாம் இப்போது அவர் அண்ணாந்து பார்த்து, கொஞ்சம் சிவந்து, பின்புறத்தைத் தடவிக்கொள்கிறார்.

ஆட்டத்துக்கு அடுத்த திங்கட்கிழமை கறிக்கடைக்குப் போனவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். அரைக்கும் இயந்திரத்துக்கு மேலே இருந்த அப்பா படம் சுவர்ப் பக்கமாகத் திரும்பியிருந்தது. ஏன் என்று ஸ்ட்ருவன் கேட்டார்.

"கொஞ்ச நாளைக்கு அப்படியே இருக்கட்டும்," என்றார் க்ளைவ், சாசேஜைக் காகிதத்தில் மடித்துக்கொண்டே. "கடைக்கு வர்றவன் எல்லாம் நான் அன்னிக்குச் சொன்னதையே பேசறான். அவர் காதுல விழ வேண்டாம்."