சாமியாரை அழைக்க ஒன்பது நாள்

எங்கள் அப்பா இறைவனிடம் சென்று ஓராண்டு ஆகிறது. இன்றைய நினைவுத் திருப்பலிக்காக வள்ளியூரிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் சொந்தங்களுக்கும், கழக்கூட்டத்தில் எங்களோடு வாழும் நண்பர்களுக்கும், மூத்த மகள் நான் இதை எழுதுகிறேன். இத்தகைய நினைவு மலரில் நல்லதை மட்டுமே எழுதுவது வழக்கம். அப்பாவைப் பற்றி நல்லதைத் தவிர எழுத என்னிடம் ஒன்றுமில்லை. எங்களைப் பற்றித்தான் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்பா வள்ளியூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஆறு பிள்ளைகளில் நான்காவதாகப் பிறந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பத்தொன்பது வயதில் சென்ட்ரிங் வேலைக்குத் திருவனந்தபுரம் வந்தவர், கழக்கூட்டத்தில் இன்று கண்ணாடி மாட்டி நிற்கும் கம்பெனிக் கட்டடங்கள் பலவற்றுக்குக் கான்கிரீட் ஊற்றப் பலகை அடித்தார். கட்டி முடித்த பிறகு வாட்ச்மேன் அவரை உள்ளே விட்டதில்லை. அதைச் சொல்லிச் சிரிப்பாரே தவிரக் குறைபட்டதில்லை. மலையாளம் சரளமாகப் பேசுவார். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம் மட்டும் தமிழில்தான். "பண்ணுன பாவம் தமிழ்ல பண்ணுனதுல்லா" என்பார்.

பிழைக்க வந்த இடத்தில் யாராவது நோயில் விழுந்தால் அப்பாவுக்குத் தகவல் வந்துவிடும். ஃபிளாஸ்கில் பால் சேர்க்காத கட்டன்சாயாவும் ஒரு பாக்கெட் ரஸ்க்கும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார். நோயாளி கத்தோலிக்கர் என்றால், பங்குச் சாமியாரைத் தன் ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போவார். சாமியார் நோயாளியின் நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசி ஜெபித்து, நன்மை என்று நாங்கள் சொல்லும் நற்கருணை அப்பத்தை நாவில் கொடுப்பார். பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் வீட்டுக்காரர்கள் சொல்லியனுப்புவார்கள் என்பதால், அந்த நோயாளிகளில் பலர் பிழைக்கவில்லை. அப்பாவின் ஸ்கூட்டரில் சாமியார் ஏறிவிட்டால் ஆள் அவ்வளவுதான் என்று எங்கள் லைன் வீடுகளில் ஒரு பேச்சே உண்டு. அப்பாவுக்குக் கோபம் வரும். "எண்ணெ சாவுக்கு இல்லடே, சொகத்துக்கு" என்பார். யாரும் நம்பவில்லை. வீட்டில் நாங்களும் நம்பவில்லை என்பது பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அப்பாவுக்கு மூச்சுத் திணறல் அதிகமாகி, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அன்றே என் கையைப் பிடித்துக்கொண்டு, "மோளே, சாமியார வரச்சொல்லு. பேச்சு இருக்கும்போதே பாவசங்கீர்த்தனம் பண்ணிரணும்" என்றார். சரி என்று வெளியே வந்தேன். வராந்தாவில் அம்மா என் துப்பட்டாவைப் பிடித்து நிறுத்தினார்.

"வேண்டாம்ட்டி. எண்ணெ பூசிட்டா ஒங்கப்பா வீட்டுக்கு வரமாட்டாவ."

எனக்கும் அதே பயம்தான். உள்ளே போய், "நாளைக்கு வருவாருப்பா" என்றேன். மறுநாள், சாமியார் தியானத்துக்குப் போயிருக்கிறார், நாளை வருவார் என்றேன். அதற்கடுத்த நாள் அவருக்குக் காய்ச்சல் என்றேன். சாமியாரோ பங்கு இல்லத்தில் நலமாகத்தான் இருந்தார். அப்பா சந்தேகப்படவே இல்லை. "பாவம், அவருக்கும் ஒடம்புக்கு முடியலியா" என்று, மூச்சு வாங்க வாங்க அவருக்காக ஜெபம் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் அப்பாவுக்கு நினைவு தப்பியது. வென்டிலேட்டர் வைத்த பிறகுதான் பங்கு இல்லத்துக்கு ஓடினேன். சாமியார் குடித்துக்கொண்டிருந்த சாயாவை அப்படியே வைத்துவிட்டு வந்தார். எண்ணெய் பூசினார். வாயில் குழாய் இருந்ததால் நன்மை கொடுக்க முடியவில்லை. சொல்ல வேண்டும் என்று அப்பா காத்திருந்ததை அவரால் சொல்ல முடியவில்லை. நான் ஐ.சி.யு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். செய்வதற்கு எனக்கு எதுவுமே மிஞ்சவில்லை. இரண்டு நாள் கழித்து அப்பா போய்விட்டார்.

அடக்கம் முடிந்த வாரம் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் மலையாளி, எங்களுக்காகத் தமிழ் பேசப் பழகியவர். "மோளே, வாய் திறக்க முடியாத்தவருக்கு அந்த எண்ணெயில் தன்னெ பாவமன்னிப்பு உண்டு. அப்பாவுக்கு ஒரு குறையும் இல்லா. நீ கரையண்டா, அழண்டா" என்றார். நம்புகிறேன். அப்பா குறையில்லாமல் போய்ச் சேர்ந்தார் என்பதுதான் இந்த ஓராண்டில் எனக்கு இருந்த ஒரே சந்தோஷம். ஆனாலும் ஜெபமாலையைக் கையில் எடுத்தால் அந்த ஒன்பது நாளும் வந்து நிற்கின்றன. அழுதுகொண்டே சொல்லி முடிக்கிறேன். வேறு வழி தெரியவில்லை.

சில மாதங்களுக்கு முன் அம்மாவுக்கு இதய ஆபரேஷன் என்று முடிவானது. அன்றே அம்மா, "ஏட்டி, இன்னைக்கே சாமியாரக் கூட்டிட்டு வா. ஒங்கப்பா சொன்னத இப்பமாவது கேப்போம்" என்றார். சாமியார் வந்தார். அம்மா பாவசங்கீர்த்தனம் செய்து, எண்ணெய் பூசிக்கொண்டு, நன்மை வாங்கினார். பிறகு கஞ்சிக்குத் துவையல் இல்லையா என்று கேட்டார். அம்மாவுக்குப் பயம் போய்விட்டது. எனக்கு, அவர் ஆபரேஷன் முடிந்து கண் திறக்கும்வரை போகவில்லை.

ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுவந்த லைன் வீட்டு அக்காமாருக்கும், அப்பாவைத் தோளில் சுமந்த சென்ட்ரிங் வேலைக்காரர்களுக்கும், எங்கள் பொய்யைப் பொறுத்துக்கொண்ட பங்குச் சாமியாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியோடிருக்கும். கோயில் வாசலில் நின்று இந்த மலரை உங்கள் கையில் கொடுத்தவர் அம்மா. எண்ணெய் பூசிய பிறகும் வீடு திரும்பியவர். அவரை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். உங்கள் வீட்டில் யாராவது சாமியாரைக் கேட்டால் அன்றைக்கே அழைத்துவிடுங்கள். அப்பா ஒன்பது நாள் கேட்டார். ஒன்பது நாளும் நான் நாளை என்றேன்.