லாட மோதிரமும் காஸ் மீட்டரும்

எங்கள் பரிசோதனைக்கூடம் மலேசியாவில் பெடாஸ் பக்கம், ஒரு செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது. வெளியே பழக்குலை ஏற்றிய டிராக்டர் போகும். உள்ளே நாங்கள் காந்தத் துண்டுகளைத் திரவ நைட்ரஜனில் முக்கி, அந்தக் குளிரிலும் அவற்றின் பலம் எவ்வளவு நிற்கிறது என்று அளப்போம். நான் அதே தோட்டத்து லயத்தில்தான் குடியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு என் வேலையை ஒரு மணி நேரம் விளக்கினேன். கடைசியில் அவர், "அப்ப ஐஸ் கம்பெனின்னு சொல்லுங்க" என்று முடித்துவிட்டார்.

ஸ்டோர்காரனாகத்தான் சேர்ந்தேன். பெட்டிகளின் மேல் ஒட்டியிருந்த சொற்களைப் படித்துப் படித்தே மேலே வந்தேன். எல்லாச் சொல்லுக்கும் வீட்டில் ஓர் உதாரணம் கிடைத்தது. டூவார் என்பது திரவ நைட்ரஜனை வைக்கும் பெரிய ஃப்ளாஸ்க். அதன் மூடியை இறுக்கி அடைக்கக் கூடாது. ஆவி போக வழி விடாவிட்டால் வெடித்துவிடும். இதைக் கல்யாணமான முதல் வருடத்திலேயே கற்றிருந்தேன். காந்தத்துக்குப் பக்கத்தில் கிடந்த இரும்பைத் தூர எடுத்துப் போன பிறகும் அதில் கொஞ்சம் காந்தம் ஒட்டிக்கொண்டிருக்கும். மிஞ்சும் அந்த ஞாபகத்துக்குப் பெயர் ரெமனென்ஸ். அதை அழிக்க எதிர்ப்பக்கத்திலிருந்து எவ்வளவு பலம் கொடுக்க வேண்டுமோ, அது கோயர்சிவிட்டி. என் மனைவியின் கோயர்சிவிட்டியை அளக்க இன்னும் கருவி வரவில்லை.

இந்த வருடம் எனக்கு ஒரு பரீட்சை வந்தது. வியாழக்கிழமை வெளியிலிருந்து தணிக்கை அதிகாரி வருவார். ஒரே காந்தத்தை எங்கள் இஞ்சினியர் அம்மாவும் நானும் தனித்தனியாக அளக்க வேண்டும். இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் பரிசோதனை அறிக்கையில் கையெழுத்துப் போடும் உரிமை எனக்குக் கிடைக்கும். ஒத்துப்போகாவிட்டால் மறுபடி ஸ்டோர்தான்.

இஞ்சினியர் அம்மா யாழ்ப்பாணத்து வம்சம். அவருடைய தாத்தா தோட்டத்தில் ஆள் கணக்கு எழுதிய கிராணி, என் தாத்தா ரப்பர் பால் வெட்டியவர்.

"எங்க தாத்தா ஒங்க தாத்தா பேர செக்ரோல்ல எழுதுனாரு. இப்ப நான் ஒங்க பேர கையெழுத்து லிஸ்ட்ல எழுதணும். ஒழுங்கா அளங்க லா, அண்ணே" என்றார்.

திங்கட்கிழமை ஒத்திகை. கையில் தடித்த குளிர் உறை மாட்டி, ஹால் புரோப் என்னும் மெல்லிய அளவுக் குச்சியை வலது கையில் பென்சில் போலப் பிடித்து, இடது கையால் அதன் வயரைத் தாங்கி, காந்தத்தின் அருகே கொண்டுபோனேன். அந்தக் குச்சி உணரும் காந்த பலத்தைக் காஸ் மீட்டர் இத்தனை காஸ் என்று எண்ணாகக் காட்டும். அம்மா அளந்தபோது வந்த எண் வேறு, நான் அளந்தபோது வந்த எண் வேறு. வித்தியாசம் கொஞ்சம்தான், ஆனால் அனுமதித்த எல்லையைத் தாண்டிவிட்டது. புரோப்பைப் பூஜ்ஜியக் குழாய்க்குள் விட்டுப் பார்த்தேன். வெளிக்காந்தம் எதுவும் நுழைய முடியாத குழாய் அது. உள்ளே சுத்தமான பூஜ்ஜியம். வெளியே எடுத்து நான் பிடித்தால் மறுபடி கூடுதல். அம்மா பிடித்தால் சரி.

அப்போதே எனக்கு வியர்க்க ஆரம்பித்துவிட்டது. மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரியில் இருக்கும் திரவத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வியர்த்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வயரை மாற்றினேன். மேசையை நகர்த்தினேன். ஃபேனை நிறுத்தினேன். வெளியே டிராக்டர் சத்தம் கேட்டது. அவ்வளவு பெரிய இரும்பு! பின்புலக் காந்தத்தைக் கெடுப்பது அதுதான் என்று முடிவுகட்டி, உறையைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய் வழிமறித்தேன். மேலே உட்கார்ந்திருந்த, தோட்டத்து ஆட்களை மேய்க்கும் மண்டோர் பதறிப்போனார்.

"என்னா அண்ணே, பாம்பா?"

"இல்ல, காந்தம். பத்து நிமிசம் இப்பிடியே நில்லுங்க."

"காந்தமா? கடிக்குமா?"

டிராக்டர் பத்து நிமிடம் நின்றது. எண் மாறவில்லை. மண்டோர் அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் வண்டியை மெதுவாக்கி, "போலாமா, அண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்.

செவ்வாய் ராத்திரி சோறு இறங்கவில்லை. மனைவி அதைத்தான் எதிர்பார்த்திருந்தாள் போலும்.

"நாந்தான் சொன்னேன்ல? ஏழரை நடக்குது. அந்த பகாவ் ஊரு ஜோசியரு என்னா சொன்னாரு? வேலையில கண்டம்னாரா இல்லியா?"

அந்த ஜோசியர் சொல்லித்தான் இரண்டு மாதத்துக்கு முன் குதிரை லாடத்தில் செய்த மோதிரத்தை என் இடது கையில் மாட்டியிருந்தாள். ஏழரை முடிகிறவரை கழற்றக் கூடாது என்பது உத்தரவு.

"சோத்துக் கைக்கு மாத்துங்க. அப்பத்தான் பவர் ஜாஸ்தி."

மாற்றினேன். படித்தவன், சொற்கள் தெரிந்தவன், இருந்தும் மாற்றினேன்.

புதன்கிழமை வித்தியாசம் இரண்டு மடங்கானது.

எனக்குச் சந்தேகமே இல்லை. சனீஸ்வரன் நேரடியாகக் கூடத்துக்குள் வந்துவிட்டார். மோதிரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மறுபடி அளந்தேன். இன்னும் மோசம். புரோப்பை மேசையில் போட்டு, உறையைக் கழற்றி எறிந்தேன். பிறகு புரோப்பை எடுத்துப் பெட்டியில் வைக்கக் கையை நீட்டினேன்.

"அண்ணே, அப்பிடியே நில்லுங்க" என்றார் அம்மா, மீட்டரைப் பார்த்தபடி. "கைய எடுங்க."

எடுத்தேன்.

"வைங்க. எடுங்க. வைங்க."

நான் கையைக் கொண்டுபோகக் கொண்டுபோக எண் ஏறியது, எடுத்தால் இறங்கியது.

"கைல என்னா அது?"

"சனீஸ்வரன்" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி கழன்று விழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதவில் ஒட்டியிருக்கும் பட்டியலை ஒரு தடவைகூட மறக்காமல் படித்து வாட்ச், கைத்தொலைபேசி, பெல்ட், சாவி எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டு வருகிறவன் நான். மோதிரத்தை மட்டும் இரும்பு என்று நினைக்கவே இல்லை. அது சாமி சமாச்சாரம். இரண்டு மாதம் காந்தங்களுக்கு நடுவே திரிந்ததில் அது ஊறிப்போயிருந்தது. ரெமனென்ஸுக்கு ஊரெல்லாம் உதாரணம் சொன்னவன் அதை விரலிலேயே போட்டுக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

கழற்ற மனைவியிடம் அனுமதி வாங்க வேண்டுமே. போனில் சொன்னேன்.

"மெஷினுக்கே தெரியுதா?"

"தெரியுது."

"அப்ப அசல் மோதரந்தான். ஜோசியரு ஏமாத்தல."

"அதில்ல இப்ப. கழட்டணும்."

"உள்ள போறப்ப கழட்டுங்க, வெளிய வந்தோன்ன மாட்டுங்க. ஆனா கீழ வைக்காதீங்க, சாமி குத்தம்."

வியாழக்கிழமை மோதிரத்தைக் கதவுக்கு வெளியே ஓர் ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனேன். எண் அசையவில்லை. இரண்டு கணக்கும் ஒத்துப்போயின. ஆனால் அதிகாரி விடவில்லை. ஒத்திகைத் தாளைப் புரட்டி, மூன்று நாள் வித்தியாசத்துக்குக் காரணம் என்ன என்று மலாயில் கேட்டார். முந்தின ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்திருந்த கௌரவமான ஆங்கில வாக்கியம் மறந்துபோனது. விரலைத் தூக்கிக் காட்டி, "மோதிரம், துவான்" என்றேன். அவர் எழுதுவதை நிறுத்தி, தன் விரலில் இருந்த பெரிய அகீக் கல் மோதிரத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்து கதவுப் பட்டியலிடம் போய், "சாவி"க்குக் கீழே "எல்லா மோதிரங்களும்" என்று அவரே எழுதினார்.

என் பெயரும் லிஸ்டில் ஏறியது. அன்று மாலை முதல் அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆணியிலிருந்து மோதிரத்தை எடுத்து மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மனைவி முதலில் கேட்டது கையெழுத்தைப் பற்றி அல்ல.

"எத்தன காஸ் காட்டுச்சி?"

சொன்னேன். வெள்ளிக்கிழமை கோவிலில் அதே எண்ணைப் பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறாள். நேற்று ஓர் அம்மாள் தன் வீட்டுக்காரரின் மோதிரத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்து, "தம்பி, இதையும் ஒருக்கா அளந்து குடுங்க லா. கையெழுத்தும் போட்டுருங்க" என்றார்.