இரவல் வளவில் இலைப்படங்கள்

இலையில் படம் செய்து விற்கிற தொழிலில் உள்ள ஒரே சுகம், மூலப்பொருள் தானாக வந்து முற்றத்தில் விழும் என்பதுதான்; மற்றதெல்லாம் கரைச்சல். வீட்டுக்குள்ளேயே கடையையும் வைத்துக்கொண்டு, அடுப்பையும் பிள்ளையையும் பார்க்கிற பெண்களே, உங்களுக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. எனக்கு இன்னொரு கரைச்சலும் இருந்தது: அந்த முற்றம் என்னுடையது இல்லை.

கொக்குவிலில் நாங்கள் குடியிருந்தது லண்டனில் இருக்கும் தெரிந்த அண்ணை ஒருவரின் வீட்டில். வாடகை கிடையாது. வீட்டைச் சுற்றியுள்ள வளவைக் கூட்டி, சாமியறையில் விளக்கேற்றி, வீட்டைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று வாய்ப்பேச்சு. கணவர் ஓட்டோ ஓட்டுகிறார். மகள் அபி பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். அந்த வீடு போனால் எங்களுக்குப் போக இடமில்லை. அந்த மரங்கள் போனால் எனக்குத் தொழிலும் இல்லை. அண்ணையின் போன் வந்தால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடிப்போய் எடுப்பேன்.

பானை

அரசிலையைப் பானைத் தண்ணீரில் ஊறப்போட்டு அழுக விட வேண்டும். சதை கழன்றதும் பழைய பல் பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்தால் நரம்பு மட்டும் வலை மாதிரி மிஞ்சும். அதன்மேல் அபி வர்ணம் தொட்டுக் குருவி கீறுவாள். வாங்குகிறவர்கள் குருவியைப் பார்ப்பார்கள், பானையைப் பார்ப்பதில்லை. ஆனால் பக்கத்து வீட்டாருக்கு மூக்கு இருக்கிறதே! எங்கள் கிணற்றுக்குள் ஏதோ செத்துக் கிடக்கிறது என்று லண்டனுக்கே போன் எடுத்துச் சொல்லிவிட்டார்கள். அண்ணை பதறிப்போய் எங்களைக் கூப்பிட்டார். எலி, எடுத்துப் புதைத்துவிட்டோம் என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

மணம் மதில் தாண்டக் கூடாது என்று பானையை நாங்கள் படுக்கிற அறைக்குள் வைத்தேன். அபியின் பள்ளிச் சட்டை தொங்குவதும் அங்கேதான். கொஞ்ச நாளாகப் பிள்ளையின் முகம் சரியில்லை. என்னவென்று கேட்டேன். குருவிக்குச் சிறகு கீறிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: “வகுப்பிலை எனக்குப் பக்கத்திலை ஒருத்தரும் இருக்கினமில்லை அம்மா. பரவாயில்லை, புத்தகம் வைக்க இடம் கிடைச்சிருக்கு.”

உடுப்பிட்டிப் பலா

ஒவ்வொரு படத்தின் கீழும் மரத்தின் பெயரையும் அது நின்ற ஊரையும் எழுதுவது என் வழக்கம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இலையைவிட அந்த எழுத்துத்தான் முக்கியம். இணையத்தில் போடும்போது மரத்தையும் வளவையும் சேர்த்துப் படம் பிடித்துப் போடுவேன். அதைப் பார்த்துத்தான் கனடாவிலிருந்து ஒரு பெண் பேசினார். உடுப்பிட்டியில் தன் தாய் பிறந்த வீட்டுப் பலாவிலையில் ஒரு படம் வேண்டுமாம்.

கணவரின் ஓட்டோவிலேயே போனோம். அவருக்கு அன்றைய ஓட்டம் போனது. போய்ப் பார்த்தால் பலாவும் இல்லை, வீடும் இல்லை. புது மதிலும் பூட்டிய இரும்புக் கதவும்தான் இருந்தன. அந்தப் பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தெருவில் நின்றபடி போன் எடுத்துச் சொன்னேன். அவர் சொன்னார்: “அப்ப உங்கடை வளவிலையே ஒரு இலை புடுங்கிப் போடுங்கோ. அம்மாவுக்கு இப்ப கண் தெரியாது, தடவித்தான் பாக்கிறவ.”

ஆசுப்பத்திரியில்

கலியாண வீடொன்றுக்கு, வருகிறவர்களுக்குக் கொடுக்கச் சின்னச் சின்ன இலைப்படங்கள் கேட்டிருந்தார்கள். பாதி வேலையில் அபிக்கு டெங்கு. பிள்ளை கண் திறக்காமல் கிடந்தாள். வீட்டுக்குப் போகவும் மனமில்லை, வேலையை விடவும் வழியில்லை. கணவரிடம் இலைகளைப் பையில் கொண்டு வரச் சொல்லி, கட்டிலோரம் ஸ்டூலில் இருந்து தேய்த்தேன். மருந்து கொடுக்க வந்த தாதி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டேன், ஆனால் உள்ளுக்குள் குறுகிப்போனேன்.

மணப்பெண்ணின் தாய் போன் எடுத்தபோது, இடத்தை மறைக்கத் தோன்றவில்லை. பிள்ளையோடு வார்ட்டில் இருக்கிறேன், இங்கே வைத்தே முடித்துத் தருகிறேன் என்றேன். அவருக்கு அனுதாபம் பொங்கியது. “ஐயோ, டெங்குவோ? பிள்ளையைக் கவனமாப் பாருங்கோ. உந்த இலையளை மட்டும் அங்கை வைச்சுத் தொடாதையுங்கோ, நாளுக்கு எத்தினை சாவு விழுற இடம், கலியாண வீட்டுக்குத் துடக்கெல்லே.”

அளவு நாடா

அபி தேறி எழும்பினாள். அவளுக்குச் சாதாரண தரப் பொதுச் சோதனை நெருங்கிய நேரம், கோயில் திருவிழாவுக்கென்று அண்ணை லண்டனிலிருந்து வந்தார். அவர் வந்தால் நாங்கள் அடுப்பெரியும் குசினிக்குப் பக்கத்து அறைக்குள் ஒடுங்கிக்கொள்வது வழக்கம். இந்த முறை அவரோடு இன்னொருவரும் வந்தார், கையில் அளவு நாடாவோடு. இரண்டு பேரும் கிணற்றடியிலிருந்து வாசல் கேற் வரை அளந்தார்கள். நான் தேத்தண்ணி கொண்டுபோனபோது அண்ணை சந்தோஷமாகவே விஷயத்தைச் சொன்னார். வந்தவர் சுற்றுலாக்காரருக்கு விடுதி நடத்துகிறவராம். இணையத்தில் என் படங்களைப் பார்த்து, கீழே ‘கொக்குவில்’ என்று எழுதியிருந்ததைப் பிடித்துக்கொண்டு விசாரித்து, லண்டனுக்கே பேசி விலை தீர்த்துவிட்டாராம்.

கணவர் ஒன்றுதான் கேட்டார்: “பிள்ளையின்ரை சோதினை முடியும் வரைக்குமாவது விடுவீங்களோ அண்ணை?” அடுத்த மாதமே வேலை தொடங்கப்போகிறார்கள் என்று அண்ணை நிலத்தைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அதை யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. நான் மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு அண்ணை என்னைத் தேற்றினார்: “ஒரு மரத்தையும் தறிக்க மாட்டினமாம் பிள்ளை, நீர் அதுக்கு யோசியாதையும்.”

இத்தனை வருஷத்தில் நான் விளம்பரம் போட்டு விற்றதிலேயே பெரிய சாமான் நாங்கள் குடியிருந்த வீடுதான், கமிஷன்தான் கிடைக்கவில்லை.